போட்டி வேண்டாம் என்றவரின் ஊர்



என் தாத்தா வீட்டுத் திண்ணை மூலையில் ஒரு ஜோடி கர்லாக்கட்டை கிடக்கும். தாத்தா அதைச் சுற்றி நான் பார்த்ததில்லை. எனக்கு விவரம் தெரிவதற்குள் அது பாட்டியின் வசம் போய், காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கும் கட்டையாகிவிட்டது. பல வருஷம் கழித்து, பழைய ஒலிம்பிக் பதக்கப் பட்டியல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது தூக்கிவாரிப்போட்டது. 1904 செயின்ட் லூயிஸ், 1932 லாஸ் ஏஞ்சலிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் கர்லாக்கட்டை சுற்றுவதற்குத் தங்கப் பதக்கம் கொடுத்திருக்கிறார்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் பிரிவில்!

இந்தியாவில் வெள்ளைக்கார ராணுவத்தார் பார்த்து, பழகி, ஊருக்கு எடுத்துப்போன கட்டை அது. ஆங்கிலத்தில் அதன் பெயரிலேயே 'இந்தியன்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. பதக்கம் வாங்கியவர்களில்தான் இந்தியர் யாரும் இல்லை. 1904இல் வென்றவர் எட்வர்ட் ஹென்னிக், 1932இல் ஜார்ஜ் ராத், இருவருமே அமெரிக்கர்கள். ராத் அப்போது வேலை இல்லாமல் இருந்தவர், பெருமந்தக் காலம். ஆயிரக்கணக்கானவர்கள் கைதட்டத் தங்கத்தை வாங்கிக்கொண்டு அரங்கத்துக்கு வெளியே வந்தவர், சாலையில் போகிற வண்டிக்குக் கை காட்டி ஏறி வீடு போய்ச் சேர்ந்தார் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு ஒலிம்பிக்கில் அந்தப் போட்டி நடக்கவில்லை. கட்டை மட்டும் வேறு வேஷத்தில் திரும்பி வந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

எது ஜிம்னாஸ்டிக்ஸ், எது இல்லை, எதற்கு மதிப்பெண் போடலாம், எதற்குப் போடக் கூடாது? இந்தச் சண்டை இருநூறு வருஷமாகத் தீரவில்லை. இன்று நான் பேசப்போவது உலகப் போட்டிகளின் வரலாறு. ஆனால் என் கண்ணுக்கு அது இந்தச் சண்டையின் வரலாறாகத்தான் தெரிகிறது.

சண்டைக்கு மூல காரணம் இரண்டு பேர். ஒருவர் ஜெர்மனியின் ஃபிரெட்ரிக் லுட்விக் யான். நெப்போலியன் பிரஷ்யாவைத் தோற்கடித்து அவமானப்படுத்தியிருந்த காலத்தில், 1811இல், பெர்லினை ஒட்டிய ஹாசன்ஹைடே திடலில் இளைஞர்களைக் கூட்டிக் கம்பத்தில் தொங்கவும் கட்டையில் தாண்டவும் பழக்கியவர். நாட்டுக்காக உடம்பை வளர்ப்பது அவர் நோக்கம். இன்றைய 'பேரலல் பார்' அவர் திடலிலிருந்து வந்தது. உடம்போடு அரசியலும் வளர்வதைப் பார்த்துப் பயந்த அரசு, 1819இல் அவரைக் கைது செய்தது. அடுத்த ஆண்டு அந்தப் பயிற்சியையே தடை செய்தது. தடை நீங்க 1842 ஆயிற்று. இன்னொருவர் ஸ்வீடனின் பேர் ஹென்ரிக் லிங். 1813இல் ஸ்டாக்ஹோமில் பயிற்சி நிறுவனம் தொடங்கியவர். அவருக்குக் கம்பமும் சாகசமும் பிடிக்காது. வரிசையாக நின்று, கட்டளைக்குக் கை நீட்டி, மூச்சை இழுத்து விடுவதுதான் அவர் வழி. நம்மூர்ப் பள்ளிக்கூடங்களில் டிரில் பீரியடில் பி.டி. மாஸ்டர் விசில் ஊத நாம் கையை மேலே தூக்கி இறக்கினோமே, அதன் பூர்வீகம் இந்த ஸ்வீடன்காரரிடம் போய் நிற்கும். உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்க ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியைத் தொடங்கியபோது, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்த இரண்டு வழிகளும் கலந்துபோயிருந்தன.

கலப்பதற்கு முன்னால் இரண்டு கூட்டமும் மோதிக்கொண்டன. 1860களின் தொடக்கத்தில் பெர்லினிலேயே பயிற்சி நிறுவனத்துக்குத் தலைவராக இருந்த லிங் கட்சிக்காரர் ஒருவர், பேரலல் பார் உடம்புக்குக் கேடு என்று சொல்லி அதைத் தூக்கியெறிந்தார். உடலியல் அறிஞர் எமில் து புவா ரேமோன் அந்த இரண்டு மரச்சட்டங்களுக்காக வக்காலத்து வாங்கி எழுதினார். ஜெர்மன் வரலாற்றில் இதற்கு 'பார் சண்டை' என்றே பெயர். அதோடு ஓயவில்லை. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் குழுப் போட்டியை எந்த முறையில் நடத்துவது என்று முடிவாகாமல், ஐரோப்பிய முறை, ஸ்வீடன் முறை, இஷ்டப்பட்ட முறை என்று மூன்று தனித்தனிப் போட்டிகள் வைத்தார்கள். ஐரோப்பிய முறையில் இத்தாலி வென்றது, இஷ்ட முறையில் நார்வே. ஸ்வீடன் முறையில் யார் வென்றது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது கதாநாயகருக்கு வருகிறேன். நிக்கோலாஸ் கூபெரஸ். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரத்துக்காரர். 1881 ஜூலை 23ஆம் தேதி லியேஜ் நகரில் பெல்ஜியம், பிரான்ஸ், நெதர்லாந்து ஆகிய மூன்று நாட்டுச் சங்கங்களைக் கூட்டி ஐரோப்பிய ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பை உருவாக்கினார். ஒலிம்பிக் குழு பிறப்பதற்குப் பதின்மூன்று வருஷம் முன்பே. உலக விளையாட்டுச் சங்கங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. 1921இல் சர்வதேசக் கூட்டமைப்பு என்று பெயர் மாறியது. கூபெரஸ் 1924 வரை தலைவராக இருந்தார். நாற்பத்து மூன்று வருஷம்! நம் சங்கங்களின் தலைவர்களுக்கே பொறாமை வரும்.

வேடிக்கை என்னவென்றால் கூபெரஸுக்குப் போட்டியே பிடிக்காது. அவருக்குத் திருவிழாதான் பிடிக்கும். ஊர் ஊராகச் சங்கங்கள் கொடியோடு வந்து, திடலில் ஒன்றாகப் பயிற்சி செய்துகாட்டி, சாப்பிட்டு, பாடிவிட்டுப் போக வேண்டும். ஒருவனை ஒருவன் தோற்கடிக்க வரக் கூடாது. ஷார்ல் கஸலே என்ற பிரெஞ்சுக்காரர் விடாமல் வற்புறுத்தி, நாடுகளுக்கிடையே போட்டி வைத்தே தீருவது என்று சம்மதிக்க வைத்தார். 1903இல் முதல் சர்வதேசப் போட்டி நடந்தது. எங்கே? கூபெரஸின் சொந்த ஊரான ஆன்ட்வெர்ப்பில். பெல்ஜியம், பிரான்ஸ், லக்ஸம்பர்க், நெதர்லாந்து என்று நான்கே நாடுகள். தனிநபர் பட்டம் பிரான்ஸின் ஜோசப் மார்ட்டினெஸுக்கு. அதைத்தான் இன்று முதல் உலக சாம்பியன்ஷிப் என்று கணக்கில் வைத்திருக்கிறார்கள். மனசுக்குள் வேண்டாம் வேண்டாம் என்றபடியே கல்யாணத்தை முன்னின்று நடத்தும் மாமனைப்போல அவர் அந்த அரங்கில் நின்றிருப்பார் என்று நான் கற்பனை செய்துகொள்வதுண்டு.

அந்தக் காலப் போட்டிகளை இன்று பார்த்தால் ஜிம்னாஸ்டிக்ஸ் என்று ஒப்புக்கொள்ள மாட்டோம். ஓட்டம், குண்டு எறிதல், கோல் ஊன்றித் தாண்டுதல் எல்லாம் சேர்ந்திருக்கும். 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் திறந்தவெளி அரங்கில் 14 மீட்டர் கயிறு தொங்கவிட்டு ஏறச் சொன்னார்கள். உச்சியைத் தொட்டவர்கள் இரண்டு கிரேக்கர்கள் மட்டுமே. அந்த ஏதென்ஸுக்கு ஜெர்மன் அணி போனதை ஜெர்மன் ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கமே எதிர்த்தது. அதையும் மீறிப் போய்ப் பேரலல் பாரில் தங்கம் வென்றவர் ஆல்ஃபிரட் ஃப்ளாடோ. அவருடைய உறவினர் குஸ்தாவ் ஃபெலிக்ஸ் ஃப்ளாடோவும் அதே அணியில் இருந்தார். இருவரும் யூதர்கள். எந்த நாட்டுக்காகக் கம்பத்தில் தொங்கினார்களோ அந்த நாடு அவர்களைத் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பியது. ஆல்ஃபிரட் 1942இல், குஸ்தாவ் 1945இல், இருவரும் அங்கேயே இறந்தார்கள்.

1904இல் ஜார்ஜ் ஐசர் என்ற அமெரிக்கர், இடது கால் மரக்கால், ஒரே நாளில் ஆறு பதக்கம் வென்றார். அவற்றில் தாண்டுதலுக்கான தங்கமும் உண்டு. மரக்காலோடு ஓடிவந்து தாண்டியவர்! 1930இல் லக்ஸம்பர்க் உலகப் போட்டியில் யூகோஸ்லாவியாவின் அன்டோன் மாலெய் வளையங்களிலிருந்து விழுந்து உயிரிழந்தார். இந்த விளையாட்டு உயிர்ப்பலி வாங்கத் தொடங்கியது தொலைக்காட்சிக் காலத்தில் அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஜிம்னாஸ்டிக்ஸில் பெண்கள் 1928இல்தான் ஒலிம்பிக் அரங்கில் பதக்கத்துக்காக நின்றார்கள். ஆம்ஸ்டர்டாம். ஒரே ஒரு குழுப் போட்டி. சொந்த ஊர்க் கூட்டத்தின் முன் நெதர்லாந்து பெண்கள் தங்கம் வென்றார்கள். இரண்டாவதாக வந்த இத்தாலி அணி முழுக்கப் பாவியா என்ற ஊரின் சிறுமிகள். அவர்களில் லூயிஜினா ஜாவோட்டிக்கு வயது பதினொன்று. வெள்ளி வாங்கிய அந்தப் பெண்தான் இன்றுவரை ஒலிம்பிக் பதக்கம் வென்ற மிக இளைய பெண். தங்கம் வென்ற நெதர்லாந்து அணியில் ஐந்து பேர் யூதர்கள். ஹெலெனா நோர்ட்ஹெய்ம், அன்னா போலாக், யூடிக்கே சீமோன்ஸ் மூவரும் 1943இல் சோபிபோர் முகாமில் கொல்லப்பட்டார்கள்; அவர்களோடு அவர்களுடைய குழந்தைகளும். பயிற்சியாளர் கெரிட் க்ளீரெகோப்பரும் அங்கேதான். எஸ்டெல்லா அஹ்ஸ்டெரிப்பே ஆஷ்விட்ஸில். ஐவரில் பிழைத்தது எல்கா டி லெவி ஒருவர்தான். பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸின் முதல் தங்கப் பதக்கத்துக்குப் பின்னால் இருக்கும் பெயர்கள் இவை. அந்த அணியின் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு இது எதுவும் தெரியாது. வரிசையாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

1948 லண்டனில் வேறொரு துக்கம். செக்கோஸ்லோவாக்கிய அணியோடு வந்த எலிஷ்கா மிசாகோவா இளம்பிள்ளைவாதம் கண்டு மருத்துவமனையில் படுத்தார். அணி அவர் இல்லாமலே போட்டியிட்டுத் தங்கம் வென்ற அதே நாளில் அவர் இறந்துபோனார். அவருடைய அக்காவும் அந்த அணியில் ஆடியவர். அந்த நாட்டில் சில மாதங்களுக்கு முன்புதான் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்திருந்தது. அணியை அழைத்து வந்த மரியே ப்ரோவஸ்நிகோவா, சர்வதேசக் கூட்டமைப்பின் பெண்கள் தொழில்நுட்பக் குழுத் தலைவி, ஊர் திரும்ப மாட்டேன் என்று லண்டனிலேயே இருந்துவிட்டார். ஒலிம்பிக்குக்கு வந்து தாய்நாடு திரும்ப மறுத்தவர்களில் அவரே முதல்வர்.

1952 ஹெல்சிங்கியில் சோவியத் அணி வந்தது. வந்த நாளிலிருந்தே அள்ளியது. ஆண்கள் பட்டம் வென்ற விக்டர் சுக்காரின், புஹென்வால்ட் முகாமில் கைதியாகக் கிடந்து, எலும்பும் தோலுமாகத் திரும்பியவர். அவருக்கு அப்போது முப்பது வயது. 1956இலும் அதே பட்டத்தைத் தக்கவைத்தார். லாரிசா லத்தினினா 1958 மாஸ்கோ உலகப் போட்டியில் ஐந்து தங்கம் வென்றபோது நான்கு மாதக் கர்ப்பிணி. அவருடைய 18 ஒலிம்பிக் பதக்கங்களைத் தாண்ட 2012இல் மைக்கேல் ஃபெல்ப்ஸ் வர வேண்டியிருந்தது. ஹங்கேரியின் ஆக்னெஸ் கெலெட்டி நாஜிகளிடமிருந்து பொய்ப் பெயரில் ஒளிந்து பிழைத்தவர். 1956 மெல்போர்னில் 35 வயதில் நான்கு தங்கம் வென்றார். ஊரில் சோவியத் டாங்கிகள் புகுந்திருந்ததால் திரும்பிப் போகவில்லை. 2025 ஜனவரியில் இறந்தபோது அவருக்கு 104 வயதாக ஒரு வாரமே பாக்கி.

இந்தப் பெயர்களிலெல்லாம் என் மனசில் தங்கிவிட்டவர் வேரா சாஸ்லாவ்ஸ்கா. பிராக் நகரத்துப் பெண். 1964 டோக்கியோவில் பட்டம் வென்றவர். 1968இல் தன் நாட்டில் சுதந்திரம் கேட்டு எழுந்த 'இரண்டாயிரம் சொற்கள்' அறிக்கையில் கையெழுத்திட்டார். ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் வந்தன. மெக்சிகோ ஒலிம்பிக்குக்கு இரண்டு மாதம்கூட இல்லை. அவர் யெசெனிக்கி மலைக்காட்டில் போய் ஒளிந்துகொண்டார். அங்கே பார் கிடையாது, மெத்தை கிடையாது. மரக்கிளையில் தொங்கி ஊசலாடினார். உருளைக்கிழங்கு மூட்டை தூக்கினார். உள்ளங்கைக் காய்ப்பு போய்விடக் கூடாது என்று நிலக்கரி வாரினார். கடைசியில் போக அனுமதி கிடைத்தது. மெக்சிகோவில் நான்கு தங்கம், இரண்டு வெள்ளி. தரைப் பயிற்சிக்கு அவர் எடுத்துக்கொண்டது மெக்சிகோவின் நாட்டார் நடன மெட்டு. அரங்கமே அவர் பக்கம் சாய்ந்தது. ஆனால் சோவியத்தின் லாரிசா பெட்ரிக்கின் மதிப்பெண்ணைக் கடைசியில் உயர்த்தித் தரைப் பயிற்சித் தங்கத்தை இருவருக்கும் பங்கு போட்டார்கள். சோவியத் கீதம் இசைக்கப்பட்டபோது வேரா தலையைத் தாழ்த்தி வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு சொல் பேசவில்லை. ஊர் திரும்பியதும் அதற்கான விலையைப் பல வருஷம் கொடுத்தார்.

உடம்பால் இவ்வளவு பேசலாம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பங்கு போட்ட தங்கத்தைக் கவனியுங்கள். ஓட்டப்பந்தயத்தில் இது நடக்குமா? கடிகாரம் அரசியல் பார்க்காது. இங்கே கடிகாரமில்லை, அளவுகோல் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதர்களின் கண்தான். அந்தக் கண்ணைக் கட்டிப்போட 1949இல் முதன்முறையாக மதிப்பெண் விதிநூல் ஒன்றை அச்சிட்டார்கள். சின்னப் புத்தகம். பிறகு அது பருத்துக்கொண்டே போனது. பயிற்சிகளை ஏ, பி, சி என்று கடினத்தின்படி தரம் பிரித்தார்கள். 1960 முதல் 1976 வரை ஐந்து ஒலிம்பிக்கிலும் குழுத் தங்கத்தை விடாமல் வைத்திருந்த ஜப்பான் ஆண்கள், சி போதாது என்று அதற்கும் மேலே போனார்கள். அதற்கு 'அல்ட்ரா சி' என்று பெயர் வந்தது. எதிர்பாராத சாதுரியம் எதையும் ஜப்பானியர் அந்தச் சொல்லால் குறிப்பிடும் அளவுக்கு அது அன்றாடப் பேச்சில் கலந்துவிட்டது.

ஜூலை 18, 1976. மான்ட்ரியல். ருமேனியாவின் பதினான்கு வயது நாடியா கோமனெச்சி உயரம் மாறிய இரண்டு பார்களில் ஆடி இறங்கினார். மதிப்பெண் பலகையில் 1.00 என்று வந்தது. சில விநாடி யாருக்கும் புரியவில்லை. பத்துக்குப் பத்து ஒருவரும் வாங்க மாட்டார்கள் என்று நம்பி, புள்ளிக்கு முன்னால் ஓர் இலக்கம் மட்டும் காட்டும் பலகையைச் செய்து வைத்திருந்தார்கள். அந்தப் பலகையைப் பற்றிப் பேசாத விளையாட்டு எழுத்தாளர் இல்லை, நானும் விதிவிலக்கல்ல. ஆனால் எனக்கு அதில் படுவது வேறு. பத்து என்பது அதுவரை வானம்போல இருந்தது; தொட முடியாது, நோக்கி நடக்கலாம். அன்று அது கூரையாகிவிட்டது. அந்த ஒலிம்பிக்கிலேயே நாடியா ஏழு முறை பத்து வாங்கினார். நெல்லி கிம்மும் வாங்கினார். 1988 சியோல் போட்டியைப் பக்கத்து வீட்டு டிவியில் நாங்கள் பார்த்தபோது பத்து மழையாகப் பெய்தது. யெலேனா ஷுஷுனோவா டானியலா சிலிவாஷை வென்றது 0.025 புள்ளியில். 'இதை எப்படிடா கண்ணால் பார்த்தார்கள்?' என்று கேட்ட என் மாமாவுக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

நாடியாவுக்கு முன்னால் மியூனிக்கில் ஓல்கா கோர்பட், பிறகு நாடியா. சிறுமிகளின் காலம் வந்தது. பயிற்சி கூடியது, எடை குறைந்தது. கரணம் தப்பினால் மரணம் என்ற நம் பழமொழியை நான் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான், யெலேனா முகினாவைப் பற்றிப் படிக்கும்வரை. 1978இன் உலக சாம்பியன். கால் முறிவு சரியாக ஆறவில்லை. அதற்குள் ஆண்கள் செய்யும் 'தாமஸ்' குட்டிக்கரணத்தைத் தரையில் செய்யப் பழக்கினார்கள். மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு இரண்டு வாரமே இருக்க, 1980 ஜூலை 3ஆம் தேதி மின்ஸ்கில் அதில் தவறிக் கழுத்து முறிந்தது. இருபது வயதுப் பெண். இருபத்தாறு வருஷம் கைகால் அசையாமல் படுத்திருந்து 2006இல் இறந்தார். பதினான்காக இருந்த குறைந்தபட்ச வயதை 1981இல் பதினைந்தாகவும் 1997இல் பதினாறாகவும் உயர்த்தினார்கள். உடனே பிறந்த தேதியைத் திருத்தும் வேலையும் தொடங்கியது: 2000 சிட்னியில் சீனா வாங்கிய குழு வெண்கலம், ஒரு வீராங்கனையின் வயது பொய் என்று நிரூபணமாகிப் பத்து வருஷம் கழித்துப் பறிபோனது. குழந்தைகளைப் பெரியவர்கள் கையில் நம்பி ஒப்படைத்ததன் இன்னொரு கோரமுகம் அமெரிக்காவில் வெளிப்பட்டது. அணி மருத்துவர் லாரி நாசரால் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் 2018 ஜனவரியில் நீதிமன்றத்தில் ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். நாட்கணக்கில் நீடித்தது அந்த விசாரணை.

பத்தின் கதை 2004 ஏதென்ஸில் முடிந்தது. தென்கொரியாவின் யாங் டே யங் பேரலல் பாரில் செய்த பயிற்சியின் தொடக்க மதிப்பை நடுவர்கள் 10க்குப் பதில் 9.9 என்று தவறாகக் குறித்தார்கள். அந்தப் பத்தில் ஒரு பங்கு சேர்ந்திருந்தால் ஒட்டுமொத்தத் தனிநபர் போட்டியில் அவருக்குத் தங்கம், கிடைத்தது வெண்கலம். இன்னொரு நாள் ரஷ்யாவின் அலெக்ஸி நெமோவ் ஹைபாரில் ஆடி இறங்க, மதிப்பெண்ணைப் பார்த்த கூட்டம் நிமிடக்கணக்கில் ஊளையிட்டது. அடுத்த ஆட்டக்காரர் தொடங்க முடியவில்லை. நடுவர்கள் மிரண்டு 9.725ஐ 9.762 ஆக்கினார்கள். சத்தம் கூடியது. கடைசியில் நெமோவே மேடையேறி, இரண்டு கைகளையும் தாழ்த்தி, 'போதும், உட்காருங்கள்' என்று கூட்டத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. எனக்குத் தெரிந்து, நடுவர்கள் கைவிட்ட அரங்கை ஆட்டக்காரரே நடத்தியது அன்றுதான்.

2006 முதல் மதிப்பெண் இரண்டாகப் பிரிந்தது. செய்யும் வித்தையின் கடினத்துக்கு ஒரு கணக்கு, அதற்கு உச்சவரம்பு இல்லை. செய்யும் நேர்த்திக்கு இன்னொரு கணக்கு, பத்திலிருந்து குறைத்துக்கொண்டே வருவது. கணக்குத் தெளிவானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'பத்துக்குப் பத்து' என்றால் பாட்டிக்கும் புரியும், 15.066 என்றால்?

அந்த 15.066 நம்முடைய எண். 2016 ரியோவில் அகர்தலாவின் தீபா கர்மாக்கர் வால்ட் இறுதியில் வாங்கியது. தட்டைப் பாதம் கொண்ட பெண்ணை, பழைய ஸ்கூட்டர் உதிரிபாகங்களை வைத்துச் செய்த உபகரணத்தில் பழக்கியவர் பிஷ்வேஷ்வர் நந்தி. ஒலிம்பிக்கில் ஆடிய முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா. ஆண்களில்கூட 1964க்குப் பிறகு யாரும் போனதில்லை. அவர் எடுத்துக்கொண்டது ப்ரொடுனோவா. கையூன்றி எழும்பி, முன்பக்கமாகக் காற்றில் இரண்டு குட்டிக்கரணம். இறங்குவது கொஞ்சம் பிசகினால் கழுத்து. கடினத்துக்கு 7 புள்ளி கொடுத்தார்கள். உலகில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே துணிந்தது. வெண்கலம் 15.216க்குப் போனது. 0.150 குறைவு. நான்காம் இடம். வரம்பில்லாத கடினக் கணக்கு இல்லாமலிருந்தால் ஸ்கூட்டர் பெண் அந்த இறுதிச் சுற்றுக்கே வந்திருக்க முடியாது. அந்தக் கணக்கு இருந்ததால்தான் உயிரைப் பணயம் வைக்கவும் வேண்டியிருந்தது. இரண்டும் உண்மை. 2019இல் அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ் சமநிலைக் கட்டையிலிருந்து இறங்கும் புதிய வித்தை ஒன்றுக்கு, மற்றவர்கள் பார்த்துச் செய்து ஆபத்தில் விழக் கூடாது என்ற எண்ணத்தோடு வேண்டுமென்றே மதிப்பைக் குறைத்து வைத்தார்கள். திறமைக்குத் தண்டனையா என்று அவர் தரப்பு கேட்டது. இரண்டு வாதத்தையும் மாறி மாறிக் கேட்கும்போது எனக்கு 1860களின் பார் சண்டை ஞாபகம் வருகிறது.

மற்றப் பிரிவுகளுக்குச் சுருக்கமாக வருகிறேன். 1952, 1956 ஒலிம்பிக்கில் பெண்களுக்குக் கையில் பொருளேந்தி ஆடும் குழுப் போட்டி ஒன்று இருந்தது. லிங்கின் பேரப்பிள்ளைகளான ஸ்வீடன் பெண்கள் முதல் முறை வென்றார்கள். ஒலிம்பிக்கிலிருந்து கைவிடப்பட்ட அந்தக் கிளைதான் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸாகத் தனியே தழைத்து, 1963இல் புடாபெஸ்டில் உலகப் போட்டி கண்டு, 1984இல் ஒலிம்பிக்குக்குத் திரும்பியது. சோவியத், பல்கேரியப் பெண்கள்தான் அதில் ராணிகள். அந்த வருஷம் அவர்கள் புறக்கணித்ததால் தங்கம் கனடாவின் லோரி ஃபங்குக்கு. அதில் வளையம், பந்து, ரிப்பனோடு இன்னொரு பொருளும் உண்டு. இரண்டு கட்டைகள், ஒல்லிக் கழுத்தும் பருத்த அடியுமாக. தாத்தா வீட்டுத் திண்ணைக் கட்டை! எடை இழந்து, மினுமினுப்பு ஏறி, காற்றில் பறந்துபோய்க் கைக்கே திரும்புகிறது.

டிராம்போலின், ஜார்ஜ் நிஸன் என்ற அமெரிக்க இளைஞர் சர்க்கஸில் பார் ஆட்டக்காரர்கள் வலையில் விழுந்து துள்ளுவதைப் பார்த்து 1930களில் செய்த பொருள். முதல் உலகப் போட்டி 1964, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால். 2000இல் சிட்னியில் ஒலிம்பிக் பதக்கம் கொடுத்தபோது நிஸன் 86 வயதில் அரங்கில் உட்கார்ந்து பார்த்தார். இப்படிப் பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறும் அக்ரோபாட்டிக்ஸுக்கு 1974 முதல் உலகப் போட்டி உண்டு; நம் கழைக்கூத்தாடிகள் தெருவில் செய்ததைப் பார்த்தவர்களுக்கு அது புதிதல்ல. விழுப்புரம் பக்கத்தில் மல்லர் கம்பம் ஏறும் பிள்ளைகளும் இந்த அட்டவணை எதிலும் அடங்காதவர்கள்தான். ஏரோபிக் பிரிவை 1995இல் சேர்த்தார்கள். அதைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை.

கடைசியாக வந்தது பார்க்கூர். பாரிஸ் புறநகரில், சுவரையும் மாடிப்படியையும் தாண்டி ஓடிய பையன்கள் உருவாக்கியது. போட்டி கூடாது என்பதே அவர்களில் பலருக்குக் கொள்கை. கூட்டமைப்பு அதைத் தன் குடைக்குக் கீழ் இழுத்தபோது உலகம் முழுவதுமிருந்து எதிர்ப்புக் கடிதங்கள் வந்தன. ஆனாலும் 2022இல் டோக்கியோவில் முதல் உலகப் போட்டி நடந்தது. போட்டி பிடிக்காத ஒருவர் தொடங்கிய அமைப்பு, போட்டி பிடிக்காத பிள்ளைகளுக்குப் போட்டி வைத்துக் கொடுத்தது. கூபெரஸ் இருந்திருந்தால் யார் பக்கம் நின்றிருப்பார்?

அவர் விரும்பிய திருவிழாவும் ஒரு வழியாகக் கிடைத்தது, அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து. 1953இல் ரோட்டர்டாமில், சோமர் என்ற நெதர்லாந்துக்காரரின் யோசனையில், 'ஜிம்னஸ்ட்ராடா' தொடங்கியது. இப்போது நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது. நடுவர் இல்லை, மதிப்பெண் இல்லை, பதக்கம் இல்லை, வயது வரம்பு இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள், பலர் சொந்தக் காசில் வந்து, சேர்ந்து ஆடிக் காட்டிவிட்டுப் போகிறார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. யார் ஜெயித்தார்கள் என்று சொல்ல முடியாத ஒன்றை எப்படிக் காட்டுவது?

2023இல் இரண்டும் அக்கம்பக்கத்தில் நடந்தன. கோடையில் ஆம்ஸ்டர்டாமில் ஜிம்னஸ்ட்ராடா. அக்டோபரில் ஆன்ட்வெர்ப்பில் உலக சாம்பியன்ஷிப், முதல் போட்டி நடந்த அதே ஊரில், 120 வருஷம் கழித்து. சிமோன் பைல்ஸ் 2013இல் தன் முதல் உலகப் பட்டத்தை வென்றதும் அந்த ஊரில்தான். இம்முறை ஆறாவது பட்டம். வால்ட்டில், கையூன்றிப் பின்பக்கமாக எழும்பி, முழங்காலை மடக்காமல் காற்றில் இரண்டு குட்டிக்கரணம் அடித்தார். உலகப் போட்டியில் எந்தப் பெண்ணும் அதுவரை செய்யாதது. விதிநூலில் இப்போது அவர் பெயரில் இருக்கிறது. அவர் விழுந்தால் பிடிக்கப் பயிற்சியாளர் மெத்தைமேல் பக்கத்தில் நின்றார். அப்படி நின்றால் விதிப்படி அரைப் புள்ளி கழியும். தெரிந்தேதான் நின்றார். கழித்தார்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். அவருக்கு அரைப் புள்ளி.